15 நாள் இருட்டுக்கு எந்தக் கைத்துப்பாக்கி? புதியவர்களுக்கு ஒரு செட்டிநாட்டு வழிகாட்டி

காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன், போன மழைக்காலத்தில் ஒருநாள் தன் கூட்டாளிகளோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசிக்கொண்டிருந்தான். பெரிய புயல் அடித்து 15 நாள் கரண்ட் இல்லை, ரோடு இல்லை, போன் இல்லை, போலீஸ் வந்து சேர வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டைக் காக்க ஒரே ஒரு கைத்துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லாம் செல்போன் விளையாட்டில் பார்த்தவை. கடைசியில் என்னிடம் வந்தார்கள். "மாமா, ஆர்மியில துப்பாக்கியப் பிரிச்சு மாட்டுறதுதானே உங்க வேலை, நீங்க சொல்லுங்க."

ஆமாம், ராணுவத்தில் நான் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். ஏன் சுடவில்லை என்று என் மேசைக்கு வந்த துப்பாக்கிகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன். அன்று பிள்ளைகளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக எழுதுவது இது.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

துப்பாக்கியின் பெயரை எழுதாதீர்கள். எதிலிருந்து பிழைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பல நாள் கரண்ட் இல்லை. மரங்கள் விழுந்து பாதைகள் அடைந்து கிடந்தன. அப்போது நான் பார்த்த வரையில் ஜனங்கள் அலைந்தது தண்ணீருக்கும் மெழுகுவர்த்திக்கும் ஜெனரேட்டருக்கும்தான். மோட்டார் ஓடாததால் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தும் எடுக்க முடியவில்லை.

இன்னும் பின்னால் போனால், செட்டிநாட்டுக் குடும்பங்களில் பர்மாவிலிருந்து நடந்து வந்த கதை இல்லாத வீடு குறைவு. 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்ட பிறகு, 1942இல் லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காடு மலை தாண்டி நடந்தார்கள். வழியில் மாண்டவர்களில் மிகப் பலரைக் கொண்டுபோனவை காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும். நீங்கள் எழுதும் தாளில் குடிநீர், மருந்து, டார்ச், ரேடியோ, பக்கத்து வீட்டாரோடு பேசி வைத்த ஏற்பாடு எல்லாம் முதலில் வரட்டும். கைத்துப்பாக்கி கடைசி வரி. பாம்புக்கு அது உதவாது. வயலில் இறங்கும் காட்டுப்பன்றிக்கும் உதவாது; காயம்பட்ட பன்றி முன்னைவிட ஆபத்து, போதாததற்கு வனவிலங்குச் சட்டத்தில் வழக்கும் வரும். தனியாக இருக்கும் வீட்டில் உயிருக்கே ஆபத்தாக ஒரு ஆள் உள்ளே வருகிறான், வேறு வழியே இல்லை என்ற ஒரே ஒரு நிலைமைக்குத்தான் அது.

இதை ஒத்துக்கொண்டால் மேலே போகலாம்.

சட்டமே பாதித் தேர்வை முடித்துவிடும்

விளையாட்டில் வரும் 9 மி.மீ. பிஸ்டலை மறந்துவிடுங்கள். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டாவை ஏற்கும் கைத்துப்பாக்கிகள் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகை. கடைக்காரர்கள் இதை 'பி.பி.' என்பார்கள். 9 மி.மீ., பழைய .455 எல்லாம் அதில் சேரும் (இந்த எண்கள் குழல் வாயின் அகலம்; புள்ளியில் தொடங்குபவை அங்குலக் கணக்கு). சாதாரண ஆளுக்குக் கிடைக்கக்கூடியது 'என்.பி.பி.' என்னும் தடையில்லா வகை. கைத்துப்பாக்கியில் அது நடைமுறையில் .32, அதற்கடுத்து .22.

எதுவானாலும் உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இரண்டும்தான் அடிப்படை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்டங்களில் உரிமம் கொடுப்பவர் கலெக்டர். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன: காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்றால் சிவகங்கை, கோனாபட்டு, ராயவரம் என்றால் புதுக்கோட்டை. நிரந்தர முகவரி எங்கேயோ அங்கே மனு. போலீஸ் விசாரணை வரும், மருத்துவச் சான்று கேட்பார்கள், பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றும் வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும். "உலகம் முடங்கினால் தேவைப்படும்" என்று எழுதினால் மனு தள்ளுபடி ஆகும், அது சரிதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் 5 ஆண்டு செல்லும்.

'நாட்டுத் துப்பாக்கி' என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்து காட்டினால் கையால் தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு சிறை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தண்ணீர்க் குழாயில் செய்த அந்தக் குழல் வெடித்து விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்பகம் பற்றிப் பேசும் கட்டுரையில் அதற்கு இடமே இல்லை.

ரிவால்வரா, பிஸ்டலா

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரிவால்வரில் சுழலும் உருளை இருக்கும், அதில் பெரும்பாலும் 6 அறை, அறைக்கு ஒரு தோட்டா. விசையை இழுத்தால் உருளை திரும்பும், சுத்தியல் பின்னால் போய் முன்னால் அடிக்கும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஆபத்து வேளையில் கை நடுங்கும்போது யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. பிஸ்டலில் அப்படி இல்லை. தோட்டாக்கள் பிடிக்குள் செருகும் மேகசின் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் காத்திருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல்பகுதி பின்னால் ஓடி, காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். மேகசினின் வாய் கொஞ்சம் வளைந்திருந்தால் சிக்கும். பிடி தளர்ந்திருந்தாலும் சிக்கும். .32 பிஸ்டல் தோட்டாவுக்கு அடியில் லேசான விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மேகசினே பூட்டியதுபோல் ஆகிவிடும். சரிசெய்யப் பயிற்சி வேண்டும், அதுவும் இருட்டில்.

அதற்காக ரிவால்வர் எப்போதுமே சுடும் என்று நினைக்க வேண்டாம். உருளையின் பின்னால் காலி உறைகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு ஒன்று உண்டு. அதற்கு அடியில் எரியாத மருந்துத் துகளோ நம்ம ஊர்ச் செம்மண் புழுதியோ கொஞ்சம் சேர்ந்தால் போதும், உருளை திரும்பாமல் இறுகிவிடும். பிஸ்டல் சிக்கினால் பழகியவர் கையாலேயே எடுத்துவிடுவார். ரிவால்வர் உள்ளுக்குள் பழுதானால் என்னைப் போன்ற ஒருவரின் மேசைக்குத்தான் வர வேண்டும். இருந்தாலும் வருஷத்துக்கு நான்கைந்து முறைக்கு மேல் சுடப் பழக முடியாத புதியவருக்கு என் பதில் ரிவால்வர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்நாட்டில் என்ன கிடைக்கிறது? கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பழைய, பழகிய வகை. மேல்பக்கத் தாழைத் திறந்தால் துப்பாக்கியே நடுவில் மடிந்து காலி உறைகள் ஒரே வீச்சில் வெளியே வரும். 2014இல் வந்த 'நிர்பீக்' அதே வழியில் எடை குறைத்துச் செய்தது, சுமார் அரைக் கிலோ. எடை குறைவு என்றால் தூக்க எளிது, ஆனால் உதை அதிகம். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 2023இல் வந்த 'பிரபல்' மடியாது, உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். அது 50 மீட்டர் எட்டும் என்று தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள், ஆனால் வீட்டுக்குள் 7 மீட்டருக்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. பிரிட்டனின் வெப்ளி நிறுவனத்தின் .32 ரிவால்வரையும் இப்போது உத்தரப்பிரதேசத்தில் செய்கிறார்கள். இஷாபூர் தொழிற்சாலையின் 'அஷானி' .32 பிஸ்டல். அதே ஊரின் 'நிடர்' .22 ரிவால்வர், கால் கிலோதான். .22 தோட்டாவின் வெடிமருந்துப் பொட்டு அடி விளிம்புக்குள் இருப்பதால், நடுவில் பொட்டு உள்ள தோட்டாக்களை விட அது வெடிக்காமல் போவது கூடுதல். பழகுவதற்கு நல்லது, கடைசி நேரத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

தோட்டாவைப் பார்த்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள்

.32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வேறு வேறு. இரண்டிலும் .32 என்று இருப்பதால் மாற்றி வாங்கி வந்தவர்கள் உண்டு. தயாரிப்பு நின்றுபோன பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்குத் தோட்டா கிடைக்குமா, ஸ்பிரிங் உடைந்தால் மாற்று உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அது ஷோகேஸில் வைக்கும் பொருள்.

எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்தில் எழுதியிருக்கும். வாங்கும்போதெல்லாம் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். பயிற்சிக்குப் போகும்போது பழையதைச் சுட்டுத் தீர்த்து, புதியதை வீட்டில் வைக்க வேண்டும். பித்தளையில் பச்சைக் களிம்பு, நசுங்கல், உள்ளே அமுங்கிப்போன முனை தெரிந்தால் அந்தத் தோட்டா வேண்டாம். தோட்டாவின் மேல் எண்ணெய் படவே கூடாது. பின்பக்கப் பொட்டுக்குள் எண்ணெய் இறங்கினால் மருந்து செத்துவிடும்.

கடையில் கையில் எடுக்கும்போது

கடைக்காரர் "காலிதான் சார்" என்று சொல்லிக் கொடுப்பார். நீங்களே திறந்து 6 அறையையும் விரலால் தடவிப் பாருங்கள். இதில் வெட்கப்படவே வேண்டாம். நான் ஆயுதசாலையில் என் மேலதிகாரி கையிலிருந்து வாங்கினாலும் அப்படித்தான் பார்ப்பேன், அவரும் அப்படித்தான் செய்வார். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியது என்றே நினைக்க வேண்டும். சுடக் கூடாத எதை நோக்கியும் குழல் திரும்பக் கூடாது. சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. இந்த நான்கையும் மனப்பாடம் செய்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

பிடி கையில் அடங்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையை எட்ட வேண்டும். விசையை இழுத்தாலே சுத்தியலும் பின்னால் போகும் இரட்டை இயக்கத்தில் விசை கனமாக இருக்கும். வயதானவர்கள், கை மெலிந்தவர்கள் அனுமதி கேட்டு, போலித் தோட்டா போட்டுப் பத்து முறை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்தாவது முறை குழல் முனை ஆடினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு அல்ல.

பழைய ரிவால்வர் வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் எடுங்கள். திறந்து வைத்து, குழல் முனைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து அல்லாமல் பின்பக்கத்திலிருந்தே குழலுக்குள் பாருங்கள். உள்ளே சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகக் குழி இருந்தால் துரு தின்றிருக்கிறது. நடுவில் மோதிரம் போல் ஒரு வளையம் தெரிந்தால் குழல் ஒருமுறை உப்பியிருக்கிறது, அதை வாங்கவே கூடாது. பிறகு மூடி, சுத்தியலை மெதுவாக இழுங்கள். அது முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் உருளை பூட்டிக்கொள்ள வேண்டும். 6 அறைக்கும் இப்படிப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது பூட்டாமல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மடியும் வகையாக இருந்தால் பிடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள், தாழ் கடகடக்கக் கூடாது. கடைசியாக வரிசை எண்: துப்பாக்கியில், ரசீதில், உரிமத்தில் ஒரே எண்தானா?

துருதான் இங்கே எதிரி

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சில வருஷத்துக்கு முன் ஒரு ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுக்காரர் இறந்து சில வாரம் ஆகியிருந்தது. "தம்பி, அவுக வச்சிருந்தது பெட்டகத்துல கிடக்கு. ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். உள்ள குண்டு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு, எனக்கு அதத் தொட பயமா இருக்கு" என்றார்கள். பர்மா தேக்குப் பெட்டகம். உள்ளே பட்டுத்துணியில் சுற்றிய தோல் உறை, உறைக்குள் ரிவால்வர். பதினோரு வருஷமாக யாரும் எடுக்கவில்லையாம். குழலை நிலத்துக்குக் காட்டித் தாழைத் திறக்கப் பார்த்தேன், அசையவில்லை. அரைமணி நேரம் எண்ணெய் விட்டுக் காத்திருந்துதான் திறந்தது. 6 அறையிலும் தோட்டா, எல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி. அத்தனை வருஷமும் அந்தக் குடும்பம் தங்களிடம் ஒரு காவல் இருப்பதாக நினைத்துத் தூங்கியிருக்கிறது.

வாங்கும்போது அது நல்ல துப்பாக்கிதான். கெடுத்தது தோல் உறை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். இரும்பைத் துருவாக்கும், பித்தளையைப் பச்சையாக்கும். நம் ஊர் வெயில் ஊர்தானே என்று ஏமாறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய வீட்டின் உள்கட்டுகள் எவ்வளவு ஓதம் காக்கும் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். காரைக்குடியிலேயே இதை ஆராய ஒரு நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். உலோக அரிப்பு அங்கே முக்கியமான பாடம். ஈரம், உப்பு, காற்று மூன்றும் சேர்ந்தால் இரும்பு தன்னைத்தானே தின்னும். நம் விரல் வியர்வையில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கின்றன.

அதனால் தொட்ட ஒவ்வொரு முறையும் துடைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து திறந்து பாருங்கள். குழலுக்குள் பிரஷ், அப்புறம் துணி, அப்புறம் மெல்லிய ஒரு பூச்சு எண்ணெய், அப்புறம் உலர் துணியால் மீதியை எடுப்பது. நட்சத்திரத் தகட்டின் அடியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். துப்பாக்கி எண்ணெய் இல்லாத நேரத்தில் தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை. அரிவாளுக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் கெட்டுப்போகும். எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டாலும் கெடுதல், செம்மண் தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். வைப்பது பூட்டுள்ள இரும்புப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு. தோட்டா வேறு பூட்டில். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் சாவி எங்கே என்பது ஒருவருக்கு மட்டும் தெரியட்டும்.

வீட்டுக்குள் சுடுவது என்றால்

முற்றத்தைச் சுற்றிய பத்தி முழுக்க, அதாவது நடை முழுக்க, ஆத்தங்குடி ஓடு, கருங்கல் தூண். அவற்றில் பட்ட தோட்டா நிற்காது, தெறிக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் படுத்திருக்கும் அப்பத்தா பக்கம் போகுமா என்று இப்போதே, பகலில், வெறுங்கையோடு நடந்து பார்த்துவிடுங்கள். எல்லாரும் கூடிப் பூட்டிக்கொள்ள ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து வாசலை நோக்கி மட்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தற்காப்புக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அவை இடம் கொடுப்பதில்லை. ஓடுகிறவனைச் சுடுவது தற்காப்பு ஆகாது.

மதுரை, திருச்சி ரைபிள் கிளப்புகளில் சேர்ந்து பயிற்சியாளர் முன்னால் பழகுங்கள். அங்கே முதலில் கற்க வேண்டியது, விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காதபோது என்ன செய்வது என்பது. 'டிக்' என்று மட்டும் கேட்டால் குழலைப் பாதுகாப்பான பக்கமே வைத்து 30 நொடி காத்திருந்து திறக்க வேண்டும், தாமதமாக வெடிக்கலாம். வழக்கத்தைவிடச் சின்னதாக 'புஸ்' என்று கேட்டால் அதோடு நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் மாட்டியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். பயிற்சிக்கு நேரமோ பணமோ இல்லை என்றால் வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் கைப்பம்பு ஒன்று போடுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

காகிதம் பற்றி ஒன்று. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுக்கும்போது வரிசை எண், நிலைமை எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். திரும்ப வாங்கிய அன்றே வீட்டில் பிரித்துத் துடையுங்கள், எப்படி வைத்திருந்தார்களோ. உரிமம் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே புதுப்பிக்க மனுக் கொடுங்கள். உரிமக்காரர் இறந்தால் அந்த உரிமம் வீட்டாருக்குத் தானாக வராது, துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றால் வாரிசு தன் பெயரில் தனியாக மனுப் போடலாம்.

அந்த ஆச்சி போட விரும்பவில்லை. நான் கூடப் போய், தோட்டாக்களை ஒரு டப்பாவிலும் துப்பாக்கியை இன்னொரு பையிலுமாக ஸ்டேஷனில் வைத்தேன். ரசீதை அவர்களே இரண்டு முறை படித்துப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, மடித்து வைத்துக்கொண்டார்கள்.